கடன் ஏதும் உண்டா?

பிக்குணியாக உபசம்பதை, அதாவது முழுத் துறவு, பெற நிற்கும் பெண்ணிடம் சங்கம் இருபத்து நான்கு கேள்விகள் கேட்கிறது. அவற்றில் ஒன்றுகூட நிப்பானத்தைப் பற்றியது அல்ல. தியானத்தில் எவ்வளவு நேரம் உட்காருவாய், மறுபிறப்பை நம்புகிறாயா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. தொழுநோய் உண்டா? காசநோய் உண்டா? வலிப்பு வருமா? நீ மனிதப் பிறவிதானா? அரசுச் சேவகத்தில் இருக்கிறாயா? கடன் ஏதும் உண்டா? தாய், தந்தை, கணவன் சம்மதித்தார்களா? இருபது வயது நிரம்பியதா? பாத்திரமும் சீவரங்களும் தயாரா? இவற்றோடு பெண்ணுடம்பைப் பற்றிய பல கேள்விகளும் உண்டு.

முதன்முதலில் இவற்றைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்தவள் நான். நகைக்கடனுக்கும் பயிர்க்கடனுக்கும் வருகிறவர்களிடம் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டதும் ஏறக்குறைய இதையேதான்: பழைய பாக்கி உண்டா, ஜாமீன் யார், வீட்டில் தெரியுமா. எல்லாவற்றையும் விட்டு வருகிறவளிடமும் இதைத்தான் கேட்பார்களா? என் தவிப்பைப் பற்றி, பல வருடம் தூங்காமல் கிடந்த இரவுகளைப் பற்றி ஒரு கேள்வி கிடையாதா?

2014இல் ஒரு பத்து நாள் விபஸ்ஸனா முகாமில் எனக்குள் விழுந்த விதை, இந்தத் துறவு. அதற்கப்புறம் நாலு வருடம் படித்தேன், உட்கார்ந்தேன், எட்டுச் சீலம் காத்தேன். எப்போது முடிவெடுத்தீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நாளோ நிமிடமோ இல்லை. மார்கழியில் வயலில் தண்ணீர் வடிவதுபோல அது நடந்தது. ஒரு நாள் பார்த்தால் வரப்பு தெரிகிறது, அவ்வளவுதான்.

2018இல் இலங்கைக்கு வந்தேன். குருநாகல் மாவட்டத்தில், ரப்பர் மரங்களுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சிறிய பிக்குணி ஆராமம். அதன் தலைமைப் பிக்குணியை எல்லோரும் லொக்கு மேணியோ என்பார்கள். பெரிய தாயார் என்று பொருள் கொள்ளலாம். எனக்கு அப்போது சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் என் ஆசையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ணய தியெனவத?" கடன் இருக்கிறதா?

இல்லை என்றேன். என் பெயரில் நான் வாங்கிய கடன் ஒரு ரூபாய் கிடையாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உன் கையெழுத்து எங்கெங்கே இருக்கிறது?"

கடன் சங்கத்தில் இருந்தவளுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியாமல் போகுமா? தம்பியின் படிப்புக் கடனில் என் கையெழுத்து இருந்தது. அப்பாவின் மருத்துவச் செலவுக்கு அம்மாவின் வளையல்களை அடகு வைத்த சீட்டில் இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் வீடு கட்ட வாங்கிய கடனுக்கு ஜாமீன்தாரர் இடத்தில் இருந்தது. அவர் தவணை கட்டுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. இவை எதையும் நான் மறைக்க நினைக்கவில்லை. மறந்துபோயிருந்தேன். நிலையாமையைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதி வைத்தவளுக்கு, அம்மாவின் வளையல் அடகில் இருப்பது நினைவில் இல்லை.

லொக்கு மேணியோ என்னைத் திருப்பி அனுப்பினார். கோபமாக அல்ல, வழியில் சாப்பிட ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

நாகைக்குத் திரும்பி அந்த மூன்று கையெழுத்துகளையும் மீட்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. ஜாமீன் கடன்தான் கடினம். அவரோடு உட்கார்ந்து, அவர் மனைவியோடு உட்கார்ந்து, பாதியை அவரும் பாதியை நானுமாகக் கட்டி முடித்தோம். அந்த மாதங்களில் நான் தியானம் செய்தது குறைவு. ஆனால் ஒருவர் மேல் எனக்கிருந்த வெறுப்பு எப்படிக் கரைகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். நிலுவையில்லாச் சான்று கைக்கு வந்த அன்று கடைத்தெருவில் அவரே எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார்.

சங்கத்தின் சட்டநூலான விநயத்தின் மகாவக்கப் பகுதியை அகராதியும் கையுமாக வாசித்தது அந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வயிறெரிந்து நிற்கிறார். மகதத்தில் கடன்பட்ட ஒருவன் ஓடிவந்து தலையை மழித்துக்கொள்கிறான். கொடுத்தவர்கள் அவனைத் தெருவில் பார்த்துப் பிடிக்கப் போகிறார்கள். புத்தரின் துறவிகள்மேல் யாரும் கைவைக்கக் கூடாதென்பது பிம்பிசார மன்னரின் ஆணை என்று கூட இருந்தவர்கள் தடுக்கிறார்கள். ஊர் முணுமுணுக்கிறது. அன்றிலிருந்து கடனாளிக்கு இடமில்லை. எல்லைக் கலவரத்தை அடக்கப் போகச் சொன்னதும் போர்வீரர்கள் சிலர் துறவு பூணுகிறார்கள். மன்னரே வந்து முறையிடுகிறார். மருத்துவர் ஜீவகர் சங்கத்துக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிறார் என்று தெரிந்து நோயாளிகள் துவராடை உடுத்தி வருகிறார்கள், குணமானதும் களைந்துவிட்டுப் போகிறார்கள். ஜீவகர் வந்து சொல்கிறார். பேரன் இராகுலனையும் இழந்த புத்தரின் தந்தை சுத்தோதனர் வந்து, இனி எந்தப் பிள்ளையையும் பெற்றவர்களைக் கேட்காமல் சேர்க்காதே என்று மகனிடமே மன்றாடுகிறார்.

நீ மனிதப் பிறவிதானா என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு நாகம் இருக்கிறது. பாம்புப் பிறவியை வெறுத்த ஒரு நாகம் இளைஞன் வடிவில் வந்து துறவு பூணுகிறது. ஒரு விடியற்காலை அயர்ந்து தூங்கும்போது சொந்த உருவம் வெளிப்பட்டுவிடுகிறது. புத்தர் அதை அனுப்பிவிடுகிறார். உபோசத நாள்களைக் காத்து வா, சீக்கிரம் மனிதப் பிறவி வாய்க்கும் என்று சொல்லித்தான் அனுப்புகிறார். அது அழுதுகொண்டே போகிறது. நாகப்பட்டினத்துக்காரி என்பதாலோ, ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவள் என்பதாலோ, அந்தக் கதையை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

சங்கத்தின் சட்டங்களை ஞானிகள் மரத்தடியில் கூடி எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கடன் கொடுத்து ஏமாந்தவரும், நோயாளிகளிடம் ஏமாந்த வைத்தியரும், பிள்ளையைப் பறிகொடுத்த கிழவரும் போட்ட மனுக்களே அங்கே சட்டமாக நிற்கின்றன. விட்டுப் போகிறவர்களுக்கு, விட்டுவிடப்பட்டவர்கள் எழுதிய சட்டம்.

அம்மாவிடம் வருகிறேன்.

2020இல் அப்பா இறந்தார். சம்மதம் சொல்ல அம்மா ஒருத்திதான் மிச்சம். இரட்டபாலர் என்றொரு இளைஞரின் கதை உண்டு. பெற்றோர் சம்மதிக்கும்வரை வெறுந்தரையில் பட்டினி கிடந்து அனுமதி வாங்கியவர். அவர் பின்னாளில் பெரிய அரகந்தர் ஆனார். இருந்தும் அந்த வழி எனக்கு ஒப்பவில்லை. பட்டினி கிடக்கும் பிள்ளையின் முன் எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்? நான் காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அம்மாவின் ஆட்சேபம் நான் நினைத்த இடத்தில் இல்லை. கல்யாணம், குலம், ஊர்ப்பேச்சு எதையும் அவள் எடுக்கவில்லை.

"அங்க பசிச்சா யார்கிட்டடி கேப்ப?"

"கேக்கக் கூடாதும்மா. பாத்திரத்தோட வாசல்ல நிப்போம். போட்டா வாங்கிக்கணும்."

"போடலன்னா?"

"அடுத்த வீடு."

"அப்ப பிச்சைன்னு சொல்லு."

ஆமாம் என்றேன். பிக்குணி என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான்; பிச்சையும் பிக்குவும் ஒரு வேரில் கிளைத்தவை. தத்துவம் ஒன்றும் படிக்காத அம்மா நேராக வேருக்குப் போய்விட்டாள். அதற்குமேல் ஒரு வருடம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு நாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமல், "நம்ம வாசல்ல வந்து நின்னவங்கள நான் ஒரு நாளும் சும்மா அனுப்புனதில்ல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. "அங்கயும் அப்பிடி யாராவது இருப்பாங்கல்ல" என்றாள்.

அதுதான் சம்மதம்.

2022 ஜனவரியில் கிளம்பினேன். நம் வீடுகளில் வாசல்படி தாண்டும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். பாலியில் துறவுக்குப் பெயர் பப்பஜ்ஜா, வெளியேறிப் போதல். அதில் வருவது கிடையாது. படியில் நின்று எந்தச் சொல்லைச் சொல்வது என்று திகைத்தேன். அம்மாவும் அதையே யோசித்திருக்க வேண்டும். "நான் ஒண்ணும் சொல்லல, நீயும் ஒண்ணும் சொல்லாத" என்றாள். தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தேன்.

வெள்ளுடையில் அனகாரிகாவாக ஐந்து மாதம் இருந்தேன். அந்த ஜூன் மாதப் பொசொன் பௌர்ணமியில் தலைமுடி இறங்கியது. இளந்துறவியான சாமணேரிக்குப் பத்துச் சீலம். அதில் பத்தாவது, பொன்னையும் வெள்ளியையும் தொடாதிருத்தல். பணமும் அதில் அடக்கம். மற்ற ஒன்பதும் இந்த ஒன்றும் எனக்குச் சமமாக இருக்கவில்லை. பதினேழு வருடம் நோட்டு எண்ணிய கை இது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சும்மா இருக்கும்போதே ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். தியானத்தில் அமர்ந்தால் மூச்சு நிற்கும், விரல் நிற்காது. முதல் சில மாதம் அதை அடக்கப் பார்த்தேன். லொக்கு மேணியோ கவனித்துவிட்டு, அடக்காதே, எண்ணட்டும், எதை எண்ணுகிறது என்று மட்டும் பார் என்றார். பார்த்தேன். அது பயத்தை எண்ணிக்கொண்டிருந்தது. நாளைக்கு என்ன, உடம்புக்கு வந்தால் என்ன, அம்மாவுக்கு ஒன்றென்றால் பஸ்ஸுக்கு என்ன. பணத்தை விட்டபிறகுதான், பணம் இத்தனை நாள் எதை மூடி வைத்திருந்தது என்று தெரிந்தது.

அந்த வருடம் இலங்கையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எரிவாயு இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை. ஆராமத்தின் சமையலறைச் சுவரில் தான அட்டவணை ஒன்று தொங்கும். எந்த நாள் எந்த வீட்டார் உணவு கொண்டுவருவார்கள் என்று வருடம் முழுக்க எழுதியிருக்கும். யாரும் வர வேண்டாம், இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம் என்று லொக்கு மேணியோ ஊருக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு வீடுகூட தன் நாளை விடவில்லை. அரிசி இல்லாத வீட்டார் பலாக்காயை விறகடுப்பில் வேகவைத்துத் தேங்காய்ப்பூவோடு கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமைகளில் வரும் ஒரு பாட்டி, இராணுவத்தில் இருந்த தன் மகனை வடக்கில் பறிகொடுத்தவர். நான் தமிழ்ப் பெண் என்பது அவருக்குத் தெரியும். என் பாத்திரத்தில் இட்டுவிட்டு, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்குவார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் இந்த வாழ்க்கையில் நான் கற்ற ஆகக் கடினமான வேலை. திரும்பக் கும்பிட முடியாது; அது முறை அல்ல. அவர் தந்த சோற்றுக்கு ஒத்த மனதோடு அன்றைய பொழுதைக் கழிப்பது ஒன்றுதான் பதில். கடன் இல்லை என்று சான்று வாங்கி வந்தவளுக்கு, ஒவ்வொரு நாளும் முற்பகலில் ஒரு புதுக் கடன்.

தையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீவரத்தை ஒரே துணியாக உடுத்தக் கூடாது. வெட்டி, துண்டுகளாக்கி, மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும். மகதத்து வயல்வெளியை வரப்புகளோடு பார்த்த புத்தர், இதைப்போல ஒரு துணி அமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டார் என்பது விநயத்தில் இருக்கிறது. ஆனந்தர் அளவு போட்டுத் தைத்தார். நெடுவரப்பு, குறுக்குவரப்பு, நடுவே சின்னதும் பெரியதுமாகப் பாத்திகள். காவிரிப் படுகையில் பிறந்த எனக்கு அதைக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. துணியை விரித்ததும் எங்கள் ஊர் தெரிந்தது. என் மேற்போர்வையான சங்காடியைத் தைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஓர் இடத்தில் கோணலாகப் போய்விட்டது. பிரித்துத் தைக்கவா என்று கேட்டேன். எந்த வரப்பு நேராக இருக்கிறது என்றார் லொக்கு மேணியோ.

பிக்குணிகளுக்குப் பாதிமொக்கம் என்ற விதித்தொகுப்பில் 311 விதிகள். அவற்றில் பூண்டு தின்னக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பூண்டு ரசத்தில் வளர்ந்தவள் நான். இது எதற்கு என்று முதலில் புரியவில்லை. கதை இதுதான்: ஒரு விவசாயி பிக்குணிகளுக்குப் பூண்டு தருவதாகச் சொல்லி, ஆளுக்கு இரண்டு மூன்று பூண்டு கொடுக்கும்படி தோட்டக்காரனிடம் சொல்லி வைத்திருந்தார். துல்லநந்தா என்ற பிக்குணி அளவு பாராமல் அள்ளிக்கொண்டு போக, காவல்காரன் நொந்துகொள்கிறான். இங்கும் அதே சங்கதி. 2500 வருடத்துக்கு முந்தைய ஒரு தோட்டக் காவல்காரனின் மனத்தாங்கலை நான் தினமும் மதித்து நடக்கிறேன். பூண்டு வாசனை வரும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறது.

எல்லா விதியும் எனக்கு இப்படி இனிக்கவில்லை. உபசம்பதை பெற்று நூறு வருடமான பிக்குணியும், அன்று காலை உபசம்பதை பெற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது பிக்குணிகளுக்கான எட்டுக் கருதம்மங்களில் முதலாவது. நான் வணங்குகிறேன். வணங்குவதால் எனக்குக் குறைவில்லை; அகங்காரம் தேய எந்தக் கல்லும் உதவும். ஆனால் அந்தக் கல் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியை நான் கீழே வைக்கவில்லை. துறவு பூண்டதால் கேள்வியையும் துறந்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

நான் நாகைப் பெண் என்று தெரிந்ததும், வயதில் மூத்த ஒரு பிக்குணி ஒரு முறை அமைதியாகச் சொன்னார்: "எங்கள் பரம்பரை அறுந்தது உங்கள் சோழர் காலத்தில்தான்." 993இல் இராஜராஜனின் படை அநுராதபுரத்தைப் பிடித்தது, 1070இல் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டபோது உபசம்பதை கொடுக்கப் போதிய பிக்குகள்கூட நாட்டில் இல்லை. பர்மாவிலிருந்து வரவழைத்துப் பிக்கு சங்கத்தை மீட்டார்கள். பிக்குணி சங்கம் மீளவில்லை. அதே இராஜராஜன்தான், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடையாக எழுதிக் கொடுத்தான். எங்கள் ஊர் மண்ணிலிருந்து 1856 தொடங்கி எடுத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். ஒரே கையா இரண்டையும் செய்தது? செய்திருக்கிறது. என் கை ஒரே வருடத்தில் ஒருவருக்கு ஜாமீன் போட்டு, அம்மாவின் வளையலை அடகும் வைத்ததே.

அறுந்த அந்த இழை உலகத்திலிருந்தே அறுந்துபோகவில்லை. அதற்கு ஐந்நூறு வருடத்துக்கும் முன்பே இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனா போய், 433, 434ஆம் ஆண்டுகளில் இன்றைய நான்ஜிங்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு உபசம்பதை அளித்திருந்தார்கள். அந்த வழி அங்கே தொடர்ந்தது. 1996 டிசம்பரில் சாரநாத்தில் கொரியச் சங்கத்தின் துணையோடு பத்து இலங்கைப் பெண்கள் பிக்குணிகள் ஆனார்கள். 1998இல் புத்தகயையிலும் பிறகு தம்புள்ளையிலுமாக வழி அகலமானது. இதை ஏற்காத மகாதேரர்கள் இன்றும் உண்டு. கடனாகக் கொடுத்தது ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்து வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் என் பழைய கணக்குப் புத்தி சொல்கிறது.

பயிற்சிநிலையான சிக்கமானாவாக இரண்டு வருடம் ஆறு விதிகளை முறியாமல் காத்தபின், வஸ் என்ற மழைக்காலத் தங்கல் முடிந்த கையோடு, 2024 அக்டோபரில் எனக்கு நாள் குறித்தார்கள். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தம்பியோடு அதில் ஏறினாள். அங்கிருந்து யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி பஸ்ஸில் வவுனியா தாண்டித் தம்புள்ளை. அவள் நாட்டைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் முறை.

முதலில் பிக்குணிகள் தனியே அழைத்துக் கேட்டார்கள். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் கூசி வாயடைத்து நின்றதைக் கேள்விப்பட்டு, பிக்குணிகளே முதலில் கேட்கட்டும் என்று அந்தக் காலத்திலேயே வழி செய்திருக்கிறார்கள். பிறகு சீமை என்ற சடங்கு எல்லைக்குள், சங்கத்தின் நடுவில், உட்கார்ந்து கைகூப்பிப் பதில் சொன்னேன். கடன் ஏதும் உண்டா? இல்லை, ஐயே. அந்தச் சொல் என் வாயிலிருந்து வரும்போது, தேநீர் வாங்கித் தந்த அந்த மனிதரின் முகம் வந்தது. தாயும் தந்தையும் சம்மதித்தார்களா? ஆம், ஐயே. வாழைப்பூ வாசனை.

சங்கத்தின் முன் விண்ணப்பத்தை ஒரு முறை வைத்து, மூன்று முறை அறிவிப்பார்கள். சம்மதம் உள்ளவர் மௌனமாக இருக்கலாம், இல்லாதவர் பேசலாம். மூன்று முறையும் யாரும் பேசவில்லை. பிறகு பிக்கு சங்கத்தின் முன் அதே முறை. முடிந்ததும் வெளியே அழைத்துவந்து வெயிலில் நிற்க வைத்தார்கள். நிழலை அளக்க வேண்டும். கடிகாரம் இல்லாத காலத்து வழக்கம். யார் மூத்தவர், யார் இளையவர் என்பது இந்த நேரத்தை வைத்துத்தான். என் நிழல் என் அடியால் மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவு. மணி 10:42 என்று ஒரு பிக்குணி சீட்டில் எழுதினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மா தம்பியிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "மணி பாத்து எழுதுறாங்களா?"

மதியத்துக்குமேல் என்னைப் பார்க்க வந்தாள். கும்பிடுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாயில் உட்கார்ந்து சொன்னாள்: "நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில கடியாரம் நின்னு போய்க் கெடந்துது. நர்சம்மா ஒரு உத்தேசமா சொன்ன நேரத்ததான் சோசியர் எழுதிக்கிட்டாரு. அதான் ஒன் ஜாதகம் ஒண்ணும் ஒத்து வரல."

அந்தச் சீட்டைக் காட்டச் சொன்னாள். சிங்கள எழுத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தாள். தேதியையும் நேரத்தையும் மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து, சுருக்குப்பையில் திரும்பிப் போகும் கப்பல் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டாள்.